பத்துக்குப் பத்து வாங்கிய கார்

ஐம்பத்து நான்காவது வயதில் நான் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். இனி மனைவியிடம் எதையும் மறைப்பதில்லை.

இதற்கு நல்லொழுக்கம் காரணமில்லை. மறைத்து வைத்திருந்த பொருள் பன்னிரண்டு அடி நீளம். சிவப்பு நிறம். சாலை பஜாரில் என் ஹார்டுவேர் கடையின் கிடங்கில், பிளாஸ்டிக் பைப்புகளுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மூன்று வாரமாக நின்றது. திங்கட்கிழமை புதுச் சரக்கு வருகிறது. கிடங்கில் ஒன்று பைப் இருக்கலாம், இல்லை கார் இருக்கலாம்.

என் பெயர் தாணுமாலயன். சுசீந்திரத்துச் சாமியின் பெயர். மூன்று தெய்வங்கள் சேர்ந்த பெயர். எதிர்த்தரப்பில் ஒரே ஒரு பகவதி, என் மனைவி. மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் இருபத்தாறு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

கார் அறுபத்தாறில் இங்கிலாந்தில் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மலை மேல் ஏதோ எஸ்டேட்டில் ஒரு துரை ஓட்டியதாம். கரமனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வேலாயுதன்தான் எனக்குக் காட்டினான். "சாரே, இது வண்டியல்ல, இது ஒரு அந்தஸ்து" என்றான். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அந்தஸ்தை யாராவது ஓட்டிப் பாப்பாங்களா?" என்றான். நியாயமாகப் பட்டது. வாங்கிவிட்டேன். ஓட்டத்தான் வாங்கினேன். பெரும்பாலும் ஓட்டையாக இருந்தது.

வலியசாலையில் எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். எங்கள் வீட்டுக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு கார் ஷெட் உண்டு. சரியாக ஒரு கார் கொள்ளும். அதில் பகவதியின் வெள்ளை செடான் நிற்கிறது. போன வருஷ மாடல். கியர் போட வேண்டாம், சாவி திருக வேண்டாம், பின்னால் போகும்போது முன்னால் டிவி வரும். பகவதி தினமும் அதில்தான் கழக்கூட்டம் போகிறாள். அங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குத் தலைவி. அடுத்தவர் செய்ததில் எங்கே தப்பிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலை. அதை வீட்டில் இலவசமாகச் செய்வாள். ஆபீஸில் சம்பளம் தருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை காபிக்குப் பிறகு ஆரம்பித்தேன்.

"பகவதி, ஒரு காரியம் சொல்லணும். வெப்ராளப்படப்படாது, பதறப்படாது."

"காரா?"

"என்ன கார்?"

"கிடங்குல பைப்புக்குப் பின்னால நிக்கே, அந்த காரு."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அது காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் வைத்தேன்.

"எப்பம் தெரியும்?"

"வாங்கி மூணாம் நாளே கிடங்குல வந்து பாத்தாச்சு. உங்க சட்டையெல்லாம் பெட்ரோல் மணம். நீங்க விக்கது பைப்பும் கதவுக் கீலும். கீலுக்குப் பெட்ரோலா ஊத்துவிய?"

மூன்று வாரம் நான் பட்ட பாடு! கடைக்குப் போகும்போது ஒரு சட்டை, கார் துடைக்க ஒரு சட்டை, வீட்டுக்கு வர ஒரு சட்டை. மூன்றையும் துவைத்தது அவள்தான் என்பதை நான் யோசிக்கவில்லை.

"அப்பம் ஏன் நீ ஒண்ணும் கேக்கல?"

"நீங்களா சொல்லுவியளான்னு பாத்தேன். சொல்லியாச்சுல்லா. கொள்ளாம், நல்லது. இப்பம் என்ன வேணும்?"

"ஷெட்டு வேணும்."

"ஷெட்டுல எனக்க வண்டி நிக்கே."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பகவதியிடம் கெஞ்சினால் நடக்காது. கோபித்தால் அறவே நடக்காது. அட்டவணை போட்டு, மதிப்பெண் போட்டுக் காட்டினால் தலையாட்டிவிடுவாள். அது அவள் தொழில் தர்மம்.

"ரெண்டு வண்டியையும் ஒப்பிட்டுப் பாப்போம்," என்றேன். "பத்துத் தலைப்பு. தலைப்புக்கு ஒரு மார்க். எது நல்ல வண்டியோ அது ஷெட்டுல நிக்கட்டும். நியாயமான போட்டி."

"தலைப்பு ஆரு எழுதுவா?"

"நான்."

"தீர்ப்பு?"

"பக்கத்து வீட்டு சுந்தரராமன் சார். கோர்ட்டுல இருந்தவராக்கும்."

"கோர்ட்டுல டைப்பிஸ்டால்லா இருந்தாரு?"

"தீர்ப்பெல்லாம் அவருதானே அடிச்சாரு?"

பகவதி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "சரி, நடக்கட்டும்" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தது எனக்குப் பயத்தைத் தந்திருக்க வேண்டும். சந்தோஷத்தைத் தந்தது.

பத்துத் தலைப்புகளை அன்று கடையில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினேன். அழகு, சத்தத்தின் கம்பீரம், சரித்திரம், பார்ப்பவர் தரும் மரியாதை, காற்றோட்டம். குளிர்ச்சி என்று எழுதினால் செடானில் ஏசி இருக்கிறது. அதனால் காற்றோட்டம். செடானில் காற்று உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். எங்கள் காரில் கூரையே ஒரு துணிதான், அதிலும் பாதி. ஆறாவது, எளிமை. செடானில் முப்பத்திரண்டு பொத்தான்கள். இதில் மூன்று. அதிலும் ஒன்றுதான் வேலை செய்கிறது. அதைவிட எளிமை ஏது? இப்படியே பத்தும் வந்தன. சுந்தரராமன் சாரை மட்டும் தனியாகப் பார்த்து, சவாரியில் முன் சீட் தருவதாக வாக்குக் கொடுத்தேன். அந்தக் காரில் பின் சீட்டே கிடையாது என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலாயுதன் காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனான். சங்குமுகம் கடற்கரை வரை போய் வர வேண்டும். முதலில் சிவப்பில். அப்புறம் வெள்ளையில்.

சிவப்பு கிளம்பப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. தெருமுனை வரை நானும் நீதிபதியும் தள்ளினோம்.

"தள்ளறதுக்கு எத்தனை மார்க் ஓய்?" என்றார் அவர் மூச்சு வாங்க.

"அது ஓட்டுறவனுக்கும் வண்டிக்கும் உள்ள பிணைப்பு சார். எட்டாவது தலைப்பு."

"நான் ஓட்டலையே?"

"உங்களுக்கும் பிணைப்பு வந்தாச்சே."

கிளம்பிய பிறகு அது வேறு உலகம். கிழக்கேகோட்டை சிக்னலில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் பக்கமாகச் சாய்ந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். குற்றம் எதுவுமில்லை, ஒரு செல்ஃபி. சுந்தரராமன் சார் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, பட்டத்து யானை மேல் உட்கார்ந்தவர் மாதிரி இரண்டு பக்கமும் கும்பிட்டார். நான் இருபது வயதில் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலு கிலோமீட்டருக்கு எனக்கு முட்டிவலி இல்லை.

விமான நிலையம் தாண்டியதும் மழை. கார் என்றால் தமிழில் மேகம் என்றும் ஒரு பொருள் உண்டு. காருக்குள் கார் பொழிந்ததை அன்றுதான் பார்த்தேன். நீதிபதி குடை விரித்தார். குடை எனக்குக் கண்ணை மறைத்தது.

"தாணு, இது காரா தொட்டியா? கணுக்கால் மட்டும் ஜலம் நிக்கறதே!"

"வடிஞ்சிரும் சார். கீழ ஓட்டை உண்டு."

"ஓட்டையா!"

"வடிகால் வசதின்னு எழுதிக்கோங்க."

வெள்ளை செடானில் போய் வந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் குறை. பெல்ட் போடு என்றது. போட்டேன். கோட்டைத் தாண்டாதே என்றது. தாண்டவில்லை. ரொம்ப நேரமாக ஓட்டுகிறாய், ஒரு காபி குடி என்று படம் போட்டுக் காட்டியது. அபிப்பிராயம் சொல்லும் கார். வீட்டில் ஒருத்தி போதாதா? சுந்தரராமன் சார் ஏசியில் தலை துவட்டிவிட்டுத் தூங்கிப்போனார். தூங்கினவர் எதற்கும் மார்க் போட முடியாது. அதனால் வெள்ளைக்கு எதிலும் மார்க் இல்லை.

முடிவு: சிவப்பு பத்து, வெள்ளை பூஜ்யம்.

பகவதி அட்டவணையை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தாள்.

"அப்பம் எனக்க வண்டியில ஒரு நல்லதும் இல்ல?"

"வருத்தமாத்தான் இருக்கு பகவதி. ஆனா தீர்ப்பு தீர்ப்பாக்கும்."

"தினப்படி ஓட்டத்துக்கும் சிவப்புதான் கொள்ளாமா?"

"பின்னே! அந்தக் காலத்து இரும்பு. தினமும் ஓட்டினாத்தான் அதுக்கு ஆரோக்கியம்."

"பயப்பட ஒண்ணும் இல்லியே?"

"பயமா? கண்ணை மூடிட்டு ஓட்டலாம்."

"அதையும் எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்கோ. எங்க ஆபீஸ்ல சோதனை முடிஞ்சா பொறுப்பாளி கையெழுத்துப் போடணும்."

போட்டேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. நீதிபதி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவள் வெள்ளைக் காரைத் தெருவில் நிறுத்தினாள். நான் சிவப்பை ஷெட்டில் விட்டேன். அவியலும் புளிசேரியும் வைத்துச் சாப்பாடு போட்டாள். மூன்று தெய்வங்களும் நிம்மதியாக இரண்டு மணி நேரம் தூங்கின.

மதிப்பெண் என்ற சொல்லை மதிப்பு, எண் என்று பிரிப்பார்கள். பெண்ணை மதி என்றும் பிரிக்கலாம் என்பது திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு எனக்கு விளங்கியது.

பகவதி ஆபீஸுக்குக் கிளம்பி நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை. தலையில் ஸ்கார்ஃப். கையை நீட்டினாள்.

"சாவி."

"வெள்ளை சாவி உன் பையிலதானே இருக்கும்?"

"சிவப்பு சாவி."

"எதுக்கு?"

"ஆபீசுக்குப் போவ. தினம் முப்பத்தஞ்சு கிலோமீட்டர் ஓட்டுறவ நான். நீங்க இங்க இருந்து சாலைக்கு, நடந்தா பத்து நிமிஷம். பத்து மார்க் வாங்கின வண்டிய நீங்க வச்சிக்கிட்டு, பூஜ்யம் வாங்கின வண்டிய பொண்டாட்டிக்குக் குடுப்பியளா? ஆருக்க காதிலயாவது விழுந்தா என்ன நினைப்பா?"

"அது கியர் வண்டி, பகவதி!"

"எங்க அப்பாவுக்கு பூதப்பாண்டியில அரிசி லாரி நின்னது. பதினேழு வயசுல நான் அதுல கியர் போட்டவளாக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் இந்த லாரியைப் பற்றி எனக்குச் சொன்னதில்லை. மறைப்பதில்லை என்று முடிவெடுத்தது நான் ஒருவன் மட்டும்தான்.

சாவியைக் கொடுத்தேன். எனக்குப் பதினோரு நிமிஷம் எடுத்த கார், அவள் சாவியைத் திருகியதும் ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கிளம்பியது. தெருமுனையில் கியர் மாற்றினாள். எனக்கு அந்த இடத்தில் பல் கடிக்கிற சத்தம் வரும். அவளுக்கு வரவில்லை.

என்னிடம் வெள்ளைக் கார் மிஞ்சியது. வெள்ளைக் காருடன் அதன் வேலைகளும் மிஞ்சின. அதுவரை எனக்குத் தெரியாது, அந்தக் கார் எவ்வளவு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று. செவ்வாய், மாமியாருக்கு முட்டிக்கு வைத்தியம். புதன், பகவதியின் சித்தி வீட்டுக்கு இரண்டு பலாப்பழம். வியாழன், மாமியாருக்கு மற்ற முட்டி. பின் சீட்டில் மாமியார், டேஷ்போர்டில் கார், இரண்டு பேரும் மாறி மாறி வழி சொன்னார்கள்.

"மருமகனே, வலது பக்கம் லாரி வருகு."

கார் 'பீப்' என்றது.

"பாத்தியளா, அதுவும் சொல்லுகு."

வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் உண்டு. அந்தக் கார் சுகமாக இருந்தது. சீட் இடுப்பைப் பிடித்துவிட்டது. மழையில் நனையவில்லை. வியாழன் மத்தியானம், மாமியார் உள்ளே வைத்தியத்தில் இருக்க, ஏசியைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் குறட்டை விட்டேன். கையெழுத்துப் போட்டுப் பூஜ்யம் கொடுத்த நான், கையெழுத்துப் போட்ட அதே கையால் ஏசியைக் கூட்டி வைத்தேன்.

பகவதியோ நாளுக்கு நாள் பிரகாசமானாள். கழக்கூட்டத்து நெரிசலில் லாரிக்காரர்கள் வழி விடுகிறார்களாம். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்து, மேலதிகாரிகளுக்கான இடத்தில் நிறுத்தச் சொன்னானாம். நான் வாங்கிய மரியாதை, நான் வாங்கிய காற்று, நான் வாங்கிய சத்தம். எல்லாம் அவளுக்கு.

சனிக்கிழமை என் இரண்டாவது திட்டத்தை எடுத்தேன். பயமுறுத்தித்தான் அவளை இறக்க வேண்டும்.

"பகவதி, உன் நன்மைக்குத்தான் சொல்லுதேன். அந்த வண்டியில கொஞ்சம் குறை உண்டு."

"அப்படியா?" மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். "சொல்லுங்கோ."

"கால் வைக்கிற இடத்துல தரை துருப்பிடிச்சுப் போச்சு. நான்தான் தகடு வச்சு ஸ்குரூ போட்டேன்."

"ஒண்ணு."

"வைப்பர் இடது பக்கம் போகும். திரும்பி வராது."

"ரெண்டு."

"பெட்ரோல் முள்ளு பாதியில நிக்கும். டாங்க் காலியா இருந்தாலும் பாதிதான் காட்டும்."

"மூணு."

நான் சூடு பிடித்துவிட்டேன். ஹாரன் அடித்தால் விளக்கு அணைவது, வளைவில் கதவு திறப்பது, பின் கியரில் போட்டால் சில சமயம் முன்னால் போவது. ஒரு வாரத்துக்கு முன் ஒளித்ததை எல்லாம் ஏலம் விட்டேன். பதினேழில் நின்றேன்.

"இன்னும் உண்டா?"

"இது போதாதா?"

"பதினெட்டாவது ஒண்ணு உண்டு. நீங்க சொல்லல."

"என்னது?"

"பிரேக்கு ஆயில் போற குழாய் விண்டு போயி இருந்தது. அழுத்தி மிதிச்சா ஒருநாள் மொத்தமா போயிரும். ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட்டு உறங்கையில வேலாயுதன் அண்ணனைக் கூப்பிட்டு வண்டிய முழுசும் பாக்கச் சொன்னேன். பிரேக்கும் கதவும் அன்னிக்கே செய்தாச்சு. அதுக்குப் பெறவுதான் நான் ஏறினேன்."

சங்குமுகத்து மழை ஞாபகம் வந்தது. ஈர ரோடு, கண்ணை மறைத்த குடை, பக்கத்தில் அறுபத்தெட்டு வயது சுந்தரராமன் சார் இரண்டு பக்கமும் கும்பிட்டபடி. சிக்னலில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சர்ரென்று பிரேக் மிதித்தது என் கால்தான்.

பகவதி லேப்டாப்பை மூடினாள்.

"கேட்டியளா, பதினேழும் தெரிஞ்சிருந்துமா திங்கக்கிழமை எங்கிட்ட சாவி குடுத்திய?"

"நீ... நீதானே கேட்ட."

"கேட்டா குடுத்துருவியளா? தரையில ஓட்டை, போவாதேன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? நான் வாசல்ல நின்னு காத்திருந்தேன், சொல்லுவியன்னு. நீங்க கியர் வண்டி, கியர் வண்டின்னு நின்னிய."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன், சண்டை என்ற பெயரில் தப்பித்திருப்பேன். அவள் சொன்னது நிஜம். அன்று காலை எனக்கு வந்த பயமெல்லாம் காருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தந்திரம் எதுவும் இல்லாமல் "தப்புதான்" என்று சொன்னேன்.

"சரி, போட்டும்," என்றாள். "இந்த பட்டியல வேலாயுதன் அண்ணனுக்கு அனுப்பியாச்சு. ஒண்ணு விடாம செய்யட்டும்."

ஐந்து வாரம் கார் கரமனையில் கிடந்தது. நான் மாமியாரின் இரண்டு முட்டிகளையும் முறை வைத்துக் கூட்டிப்போனேன். புதுத் தரை, புது வயரிங், புதுத் துணிக் கூரை. திரும்பி வந்தபோது வைப்பர் போயும் வந்தது. பகவதி ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பின் கியரில் போட்டால் பின்னால்தான் போயிற்று. பட்டியலில் பதினெட்டுக்கும் பச்சைக் கோடு போட்டாள்.

"இப்பம் ஒரு குறையும் இல்ல," என்றாள்.

"ஆமா," என்றேன் ஆசையோடு.

"அப்பம் நான் தினப்படிக்குத் தைரியமா எடுக்கலாம்."

என் திட்டங்கள் எல்லாம் சேர்ந்து அவளுக்கு ஒரு நல்ல காரைத் தயார் செய்து கொடுத்திருந்தன. பயமுறுத்த என்னிடம் இனி ஒரு குறையும் மிச்சமில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் வாளியை நகர்த்திக் கொடுத்தேன். துணியைப் பிழிந்து கொடுத்தேன்.

"பகவதி."

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை மட்டும். ஒரே ஒரு ரவுண்டு. நான் ஓட்டிக்கிடட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். முகம் இளகியது. "அதுக்கென்ன, நீங்க ஆசைப்பட்டு வாங்குனதுதானே," என்றாள். சாவியை என் கையில் வைத்தாள். ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். தோல் சீட்டின் மணம். எதிரே நீண்ட சிவப்பு மூக்கு. சுந்தரராமன் சார் வாசலுக்கு வந்து கையசைத்தார். கண்ணில் லேசாக நீர் கட்டியது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே கிளம்பியது.

"ஒரு நிமிஷம்," என்றாள் பகவதி. வீட்டுக்குள் போய் எதையோ எடுத்துவந்து, காரின் பின்பக்கம் குனிந்து, உள்ளங்கையால் நாலு தடவை தட்டி ஒட்டிவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"என்னது ஒட்டின?" என்றேன்.

"எல் போர்டு."